மைதீன் மாமா தைத்த ஏப்ரன்

மைதீன் மாமா போய்விட்டார். இன்று காலையில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாராவியில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஸ்கூல் பேக் தைக்கிற கார்கானா வைத்திருந்தவர். எங்கள் திருநெல்வேலிக்காரர்தான்.

பன்னிரண்டாவது முடித்ததும், மாடு, எருமை, குதிரைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டராகத்தான் ஆவேன் என்று நான் அடம்பிடித்தேன். எங்கள் கல்லிச் சந்து முழுக்க ஒரே சிரிப்பு. "வாஷி மாதிரி பணக்கார ஏரியால நாய் கிளினிக் போட்டா ஏசில உக்காரலாம்லா" என்று ஆளுக்கொரு யோசனை.

மாமா மட்டும் கேட்டார், "மாடு கால மிதிச்சா என்னட்டி செய்வ?"

"வெலகிக்கிடுவேன் மாமா."

"அப்பம் சரி. படி."

காலேஜில் வேறு பிரச்சினை. வகுப்பிலேயே நான்தான் குள்ளம். எருமைக்குப் பிரசவம் பார்க்க எக்கி நின்று தோள்வரை கையை விட்டால், ஏப்ரன் நாடா அவிழ்ந்து காலைச் சுற்றிக்கொள்ளும். "நீ நாய், பூனை பார் பேட்டா" என்று சார் சொல்லிவிட்டார். அன்று ரயிலில் அழுதுகொண்டே வந்தேன்.

விஷயத்தைக் கேட்ட மாமா, "கைய நீட்டுட்டி" என்று டேப்பை எடுத்தார்.

அடுத்த வாரம் ஏப்ரன் வந்தது... நீல ரெக்சினில். ஆனால் பாவம், மனுஷனுக்குப் பை தவிர எதுவும் தைக்க வராது! தோளுக்குப் பஞ்சு வைத்த பட்டை, முன்னால் ஜிப் வைத்த பை, பக்கவாட்டில் வாட்டர் பாட்டிலுக்கு வலைப்பை.

"இது எதுக்கு மாமா?"

"தாகம் எடுக்காதாட்டி ஒனக்கு?"

டிபன் பாக்ஸ் எங்கே என்று வகுப்பே கேலி செய்தது. ஆனால் பட்டை நழுவவே இல்லை. இரண்டு கையும் ஃப்ரீ. வலைப்பையில் எண்ணெய் பாட்டிலும் கயிறும் கச்சிதமாக உட்கார்ந்தன.

கேலி செய்த ஒருத்தியே பிறகு, "மேரே லியே பி பன்வா தே நா", எனக்கும் ஒன்று தைத்து வாங்கிக் கொடு என்று வந்து நின்றாள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேக் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "நாங்க டாக்டருக்கும் தைக்கோம்" என்று ஒரே அளப்பு.

இன்று அம்பர்நாத் பக்கம் ஒரு எருமைத் தொழுவத்தில் டியூட்டி. கன்றின் தலை உள்ளே பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. சார் ஒதுங்கி நின்று, "நீயே பார்" என்றார். தோள்வரை கை உள்ளே இருக்கும்போது ஜிப்புக்குள் போன் அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை.

தலையைத் திருப்பினேன். இழுத்தோம். பெண் கன்று. உயிரோடு! "ஷாபாஷ் பேட்டா" என்று நாய், பூனை சொன்ன அதே சார் கத்தினார். நானும் கத்தினேன்.

அந்தச் சந்தோஷத்திலேயே அப்பாவைக் கூப்பிட்டேன். நான் கன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறவரை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான், "மைதீன் பாய் தவறிட்டாருட்டி" என்றார்.

கையை மட்டும் கழுவிக்கொண்டு ரயில் ஏறினேன். என் மேல் அடித்த தொழுவ வாடைக்கு, அவ்வளவு கூட்டத்திலும் என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

மாமா வீட்டில், கறையோடு இருந்த ஏப்ரனை மாமி என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கன்னுக்குட்டி பொழச்சிட்டா?"

"பொழச்சிட்டு மாமி. எந்திச்சி நின்னுட்டு."

போய் வாருங்கள் மாமா. ஏப்ரனில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை.