புதன்கிழமை கடலுக்கு வந்த காளி

தாயை நம்புகிறவர்களே, என் நாற்காலிகளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் என் வீடு. நானும் டிப்பர் லாரி டிரைவர்தான். பகலில் ஊர் மேல் தூசியைக் கிளப்புவேன். சாயங்காலம் அதே தூசியை வீட்டில் துடைப்பேன். முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்று நான் உட்கார்ந்து உட்கார்ந்து பளபளவென்று இருக்கும். மற்றொன்றில் வெள்ளையாகத் தூசி படிந்திருக்கும். யாரும் வராத வீடு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

லாரி ஸ்டாண்டில் நான் வாயைத் திறந்தால் சிரிப்பு. வீட்டில் வாயைத் திறந்தால் கொட்டாவி. ஒருநாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இருபது நிமிடம் பேசினேன். கடைசியில், "சார், எனக்கு வேற கால் இருக்குங்க" என்று அவளே வைத்துவிட்டாள். விற்க வந்தவளே ஓடிப்போகும் அளவுக்கு நான் தனியாக இருந்தேன்.

தப்பு என்னுடையதுதான். என் மனைவி செல்வி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறு வருடம், எங்கள் ஒரே மகள் கயல், புதுச்சேரிக் கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் அருள் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"பலகை மேல நிக்கிறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்றேன்.

"நீங்க நின்னு பாருங்கப்பா, தெரியும்" என்றாள்.

"இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத" என்றேன். அவள் ஏறவில்லை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. போனில் அவள் நம்பரை எடுப்பேன், பார்ப்பேன், வைத்துவிடுவேன். இரண்டு வருடம் இப்படியே போனது.

போன மாசியில் ஒருநாள் காலை, அந்தத் தூசி நாற்காலியைப் பார்த்து அழுதுவிட்டேன். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு சிறுவாச்சூர் போனேன். போய்ப் பார்த்தால் கோயில் பூட்டியிருக்கிறது. மதுரகாளியம்மன் திங்களும் வெள்ளியும்தான் அங்கே இருப்பாள், மற்ற நாளில் பெரியசாமி மலைக்குப் போய்விடுவாள் என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் கிழமை பார்த்ததெல்லாம் செல்விதான். அவள் போனபின் எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான்.

பக்கத்துக் கடையைக் கூட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, இன்னைக்குப் புதன்கிழமைங்க. ஆளில்லாத வூட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"எனக்குப் பழக்கம்தான்மா. எங்க வூடும் அப்படித்தான்."

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருங்க. அவசரம்னா நீங்கதான் அவங்க இருக்கிற எடத்தைத் தேடிப் போவணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கூட்டத் தொடங்கினார்.

மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். "தாயே, எம் பொண்ணுகிட்டப் பேச வாய் வரல. நீதான் ஒரு வழி காட்டணும்." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. திரும்பும் வழியெல்லாம் அந்த அம்மா சொன்னதுதான் காதில் கேட்டது. தேடிப் போவணும்.

பங்குனியில் லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனேன். நேராக மகள் வீட்டுக்குப் போகத் துப்பில்லை. அருள் சொல்லிக்கொடுக்கும் இடத்தை விசாரித்து, பொய்ப் பெயரில் மாணவனாகச் சேர்ந்துவிட்டேன். மாப்பிள்ளையை மறைந்திருந்து பார்ப்பதாக எண்ணம். ஐம்பத்திரண்டு வயதில், லாரி சீட்டில் வளர்த்த தொப்பையோடு, உடம்பை இறுக்கும் பனியன் போட்டுக்கொண்டு ஒரு உளவாளி!

"நீச்சல் தெரியுமா சார்?" என்று அருள் கேட்டான்.

"கிணத்துல கத்துக்கிட்டவன் தம்பி நான்."

முதல் நாள் மணலிலேயே பாடம். பலகையில் குப்புறப் படுக்க வேண்டும், கையால் துழாவ வேண்டும், நெஞ்சைத் தூக்கி ஒரே தாவலில் எழுந்து நிற்க வேண்டும். நான் எழுந்தது, சேற்றில் படுத்த எருமை எழுவதுபோல் இருந்தது. இரண்டாம் நாள் கடலில் விழுந்துகொண்டே இருந்தேன். மதியம் அருள் டிபன் பாக்ஸை நீட்டுவான். "சாப்டுங்க சார்." கத்திரிக்காய்க் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். செல்வி வைப்பதுபோலவே. எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. உளவாளியின் புத்தி அவ்வளவு கூர்மை.

மூன்றாம் நாள் நின்றேன். ஒரு தும்மல் போடும் நேரம்தான், ஆனாலும் நின்றேன். சந்தோஷத்தில் கரையைத் திரும்பிப் பார்த்தேன். யார் யாரோ இருந்தார்கள். எனக்காகக் கை தட்ட ஒருவரும் இல்லை. செல்வி இறந்த நாளில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

அந்தக் கோபத்தில் ஒரு மடத்தனம் செய்தேன். பலகையோடு காலைப் பிணைக்கும் கயிறு தடுக்குகிறது என்று, "நான் என்ன கட்டிப்போட்ட மாடா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றிவிட்டேன். அடுத்த அலை என்னைக் கவிழ்த்தது. பலகை கரைக்குப் போனது. நான் எதிர்ப்பக்கம் போனேன். ஒரு நீரோட்டம் என்னை உள்ளே இழுத்தது.

கிணற்றில் படியைப் பார்த்து நேராக நீந்துவோம். அந்தப் பழக்கத்தில் நான் கரையைப் பார்த்து நேராக அடித்தேன். அடிக்க அடிக்கக் கரை தூரமானது. கை சோர்ந்தது. உப்புத்தண்ணீர் உள்ளே போனது. கயலிடம் ஒரு வார்த்தை பேசாமலே போகிறேனே என்றுதான் நினைத்தேன். "காளி! எம் பொண்ணுகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசவிடு!" என்று கத்தினேன். அன்றும் புதன்கிழமைதான்.

"கரையப் பாக்காதீங்க! பக்கவாட்டுல அடிங்க மாமா! என் பக்கம் வாங்க!"

அருள் பலகையில் படுத்தபடி துழாவிக்கொண்டு வந்தான். பக்கவாட்டில் நாலு கை அடித்தேன். இழுப்பு விட்டது. அவன் என் கையைப் பிடித்துப் பலகையில் ஏற்றினான். இருமி முடித்த பிறகுதான் அவன் சொன்ன சொல் மண்டையில் ஏறியது.

"மாமாவா? தெரியுமா உனக்கு?"

"மூணு நாளா யாரு ஆக்குன சோத்தச் சாப்புட்டீங்கன்னு நெனச்சீங்க? போட்டோவுல பாத்த மொகம், மொத நாளே அடையாளம் தெரிஞ்சிடுச்சு. நீங்களா பேசுற வரைக்கும் பேச வேணாம்னு அவதான் சொன்னா."

கரையில், படகு மறைவிலிருந்து கயல் ஓடி வந்தாள். மூன்று நாளும் அங்கேதான் நின்றிருக்கிறாள். நான் கை தட்டலுக்கு ஏங்கிய நேரத்திலும்.

"கெணத்து நீச்சல்னு பீத்திக்கிட்டீங்களாமே!" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

எதற்கெடுத்தாலும் ஜோக் அடிக்கும் எனக்கு அன்று ஒரு ஜோக்கும் வரவில்லை. "மன்னிச்சிடும்மா" என்றேன். காளியிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் முதலில் செலவழித்தேன்.

அருளுக்குத் தொழில் தெரியும், அதனால் பிழைத்தாய் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அந்தத் தொழிலைத்தானே நான் வேலையா என்று கேட்டேன்? அதன் கையாலேயே என்னை இழுத்துப் போட்டவள் யார்? புதன்கிழமை அவளுக்குக் கோயிலில் இருக்கை கிடையாது. அதனால் கடலுக்கு வந்திருந்தாள் என்று நான் நம்புகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூவரும் சிறுவாச்சூர் போய், அங்கேயே அரிசி இடித்து மாவிளக்குப் போட்டோம். அலையில் நிற்கும் மாப்பிள்ளைக்கு உலக்கை பிடிக்கத் தெரியவில்லை. பாதி மாவு என் வேட்டியில். நானும் இப்போது முன்போல் இல்லை. தினமும் மகளுக்குப் போன் செய்கிறேன். "வைங்கப்பா, வேலை கெடக்கு" என்று அவள் சொல்லும்வரை வைப்பதில்லை.

உங்களில் யாருக்காவது, பேசாமல் விட்ட ஓர் ஆள் இருந்தால், கதவு பூட்டியிருக்கிறதே என்று திரும்பிவிடாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே தாயைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, அந்த ஆளைத் தேடியும் போங்கள்.

அன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கயல் அந்தத் தூசி நாற்காலியைத் துடைத்தாள். அவளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொன்றில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு உட்கார இடமில்லை. தரையில் சம்மணம் போட்டேன். என் வீட்டில் இவ்வளவு சுகமாக நான் உட்கார்ந்ததே இல்லை.