ஜீப்புக்கு ஒரு படி

கடைவீதியில் அவரை 'அரைமணி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஜீப்புகளுக்குக் கூடுதல் விளக்கு, இரும்பு பம்பர், சேற்றில் மாட்டினால் வண்டியை இழுக்கும் வின்ச் எல்லாம் மாட்டித் தருவது அவர் தொழில். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து எவ்வளவு நேரம் ஆகும் என்பார். சொன்ன நேரத்துக்குச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். அரைமணி என்றால் டீ குடித்துவிட்டு வரலாம், சினிமாவுக்குப் போக முடியாது.

இருபத்தாறு வருஷம் மற்றவர்களின் வண்டிகளை மலைக்கு அனுப்பியவர், ஐம்பத்து மூன்றாம் வயதில் பழைய ஜீப் ஒன்றைத் தனக்கென வாங்கினார். மனைவிக்காகத்தான். வாடிக்கையாளர்கள் போனில் காட்டும் மலையுச்சிப் படங்களைப் பார்த்து, "ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க, அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வந்துடுறேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கற்பாதைக்காக ஸ்பிரிங்கை மாற்றிப் பெரிய டயர் போட்டதும் வண்டி ஒரேயடியாக உயர்ந்துவிட்டது. அவளுக்கோ முழங்கால் வலி. கதவைப் பிடித்து இரண்டு முறை எக்கிப் பார்த்தாள்.

"வண்டி மலையேறும், சரி. வண்டியில நான் எப்படி ஏறுறது?"

"படி வெச்சுத் தரேன்டி. சாதாப் படின்னா பாறையில இடிச்சு நசுங்கிரும். கனமான பைப்புல சொல்லியிருக்கேன். ஆயுசுக்கும் அசையாது."

"நான் ஏறி இறங்குற வரைக்கும் அசையாம இருந்தா போதும்."

படி நீளமான அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. அப்போது பம்பர் வேலை நடந்துகொண்டிருந்தது. பிறகு வின்ச். பிறகு கூரைமேல் விளக்கு வரிசை, அதற்குத் தனி ஒயரிங், தண்ணீர் புகாத சுவிட்ச். சொந்த வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சுலபமான வேலை என்பதாலேயே படி கடைசிக்குத் தள்ளிப்போனது. மதியச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி அந்தப் பெட்டிமேல்தான் உட்காருவாள்.

"எட்டு லைட்டு. அங்க போய் எதைத் தேடப் போறீங்க?"

"உனக்கு வழி தெரியணும்ல."

"வழியெல்லாம் அப்புறம். முதல்ல கால் வைக்க இடம் குடுங்க."

"வர்ற ஞாயிறு மாட்டிடுறேன்" என்று சிரித்தார். வர்ற ஞாயிறு, வர்ற ஞாயிறு என்றே நான்கு மாதம் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலை அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஜீப் வாசலில்தான் நின்றது. அவரும் மகளும் தூக்கிப் பார்த்தார்கள். அந்த உயரத்துக்கு அவளை ஏற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் சின்னக் காரை எடுத்துவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அந்தச் சில நிமிடங்களால் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். இவர் தலையாட்டிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கடையைத் திறந்தவர், முதல் வேலையாக அந்தப் பெட்டியைப் பிரித்தார். அட்டையில் அவள் உட்காரும் இடம் பள்ளமாகியிருந்தது. வண்டிச் சட்டத்தில் துளைகள் ஏற்கெனவே இருந்தன. பக்கத்துக்கு நான்கு போல்ட். கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

ஸ்பேனரைக் கீழே வைக்காமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். அது இம்மியும் அசையவில்லை.

மதியம் சாப்பாட்டோடு மகள் வந்தபோதும் அங்கேயே இருந்தார். அவள் படியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்கு எவ்ளோ நேரம்ப்பா ஆச்சு?"

நேர விஷயத்தில் அவர் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"காலையில ஆரம்பிச்சதும்மா, இப்பதான் முடிஞ்சுது" என்றார். "பெரிய வேலை."