பின்னால் இடமுள்ள சைக்கிள்

ஏற்றத்தில் அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பாள். நான் பின் கேரியரில் உட்கார்ந்திருப்பேன். மழையில் நனைந்த அவளுடைய ஸ்வெட்டர் கை என் முழங்காலில் உரசிக்கொண்டே வரும். இறக்கத்தில் மட்டும் என்னை ஏற்றமாட்டாள். "பிரேக்கை நம்புறேன், உன்னையத்தான் நம்ப முடியல. குறுக்குப் பாதையில எறங்கி வா" என்பாள். ஹட்டன் டவுனில் ஒரு புடவைக்கடையில் அவளுக்கு வேலை. என் பள்ளிக்கூடம் வழியில் இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் வாசலில் நிற்கிற பெண்கள் சும்மா விடுவார்களா? "என்னாடி, சைக்கிள் ஒன்னைய இழுக்குதா, நீ சைக்கிள இழுக்கிறியா?" என்பார்கள். "மாறி மாறித்தான் மதினி" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள்.

நான் படித்து முடிப்பதற்குள் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். லீவில் வருகிறாள், பெட்டியை முழுதாகப் பிரிப்பதற்குள் திரும்பிவிடுகிறாள்.

இப்போது நான் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. மூன்று வயது மகளை, கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போகிறேன். மற்றத் தாய்மார் பறித்த கொழுந்தை எடை போட்டதும் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கோ பஸ் வரவேண்டும். தினமும் கடைசிப் பிள்ளை என்னுடையதுதான். அழுதுகொண்டிருப்பாள். ஒருநாள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். காத்திருக்கப் பழகிவிட்டாளோ என்று பயந்துபோனேன். அந்த வாரமே சைக்கிள் பார்க்கப் போனேன்.

ஹட்டன் சைக்கிள் கடையில் கடைக்கார நானா இரண்டு சைக்கிள்களை எடுத்து வைத்தார். ஒன்று கியர் வைத்தது, லேசானது, கேரியர் இல்லை. மற்றது கேரியரோடு வரும் கனமான பெண்கள் சைக்கிள். கடை முன்னால் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடிக்குமா, மழையில் வழுக்குமா என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். "தங்கச்சி, நீங்க சைக்கிள் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ள பாக்க வந்தீங்களா?" என்றார் நானா.

அக்காவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓட்டினது போதும், தள்ளிப் பாத்தியா?" என்றாள். எங்கள் பாதையில் பாதி ஏற்றம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. கடைக்குப் பக்கத்து மேட்டில் இரண்டையும் தள்ளினேன். கனமான சைக்கிள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

"லேசானதையே எடு. எனக்கு இன்னும் தோளு வலிக்குது" என்றாள்.

"அப்ப பாப்பா எங்க ஒக்காரும்?"

"அப்ப மத்தத எடு" என்றாள்.

முதல் நாள் வேலை முடிந்து, இறக்கம் முழுக்கப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தேன். இவ்வளவு பயந்தவள் இதை வாங்கியிருக்கத்தான் வேண்டுமா என்றுகூட நினைத்தேன். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் எல்லோரும் இன்னும் இருந்தார்கள். மகள் விளையாட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இப்பவே வந்துட்டீங்களாம்மா?" என்று குறைபட்டுக்கொண்டு மறுபடி விளையாடப் போனாள்.

இதை அக்காவிடம் உடனே சொல்லவேண்டும்போல் இருந்தது. போனை எடுத்தேன். குவைத்தில் அப்போது மத்தியானம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் சோறு ஊட்டுகிற நேரம்.