தம்பூராவுக்கு வாங்கிய கம்பி

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம். கடத்தூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் ஒரு வீணை, ஒரு தம்பூரா, இரண்டு ஆர்மோனியம், ஒரு பிடில், தோல் கிழிந்த மிருதங்கம் எல்லாம் இருந்தன. எதையும் எனக்கு வாசிக்கத் தெரியாது. யுத்த காலத்தில் நாடகக் கம்பெனிகள் கலையக் கலைய, சாமான்கள் சந்தைக்கு வந்தன. நான் வாங்கினேன். காலையில் துணியால் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பேன். என் சங்கீதம் அவ்வளவுதான்.

அப்போது மொரப்பூர்ப் பக்கம் ரயில் பாதையோரத் தந்திக் கம்பியை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். போலீஸ் வீடு வீடாகத் தேடியது. கம்பி அகப்பட்டால் ஜெயில்தான். காப்பிக் கடையில் இந்தப் பேச்சு நடந்தபோது, யார் வீட்டுக்கோ வந்த கஷ்டம் என்று சப்புக்கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்படியாப்பட்ட கம்பிங்க?" என்றார் ஒருவர்.

"செம்புங்க. வேப்பங்குச்சி தடிமன் இருக்குமாம்" என்றார் கடைக்காரர். "மேலத் தெருவுல தேடிக்கிட்டிருக்காங்க."

என் கையிலிருந்த காப்பி வேட்டியில் கொட்டியது. போன சந்தைக்குப் பாப்பாரப்பட்டியில் ஒருவன், "மைசூர்ப் பெரிய தம்பூராவுக்குக் கட்டறதுங்க, இங்கெல்லாம் கெடைக்காது" என்று ஒரு சுருள் செம்புக் கம்பியை என்னிடம் தள்ளிவிட்டிருந்தான். அதே தடிமன். தம்பூராவை ஒரே ஒரு நாள் மீட்டியவனாக இருந்தாலும் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பான். நான் துடைக்கிறவன், பயபக்தியோடு வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். வீணைக்குப் பின்னால் வைத்த சுருளைக் காணோம். கட்டிலுக்கடியிலும் இல்லை. கொல்லையிலிருந்த மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. திறந்த வாய் அப்படியே நின்றது.

ஏட்டய்யா ஒருவர், கூட இரண்டு போலீஸ்காரர்கள். உள்ளறையைப் பார்த்ததும் ஏட்டய்யாவின் புருவம் ஏறியது. வீணையின் உபரித் தந்திகளைக் கையில் எடுத்தார்.

"என்ன கம்பி இது?"

"வீணைக் கம்பிங்க."

"வாசிங்க, பாப்பம்."

வீணையில் ஒரு தந்தியை இழுத்தேன். அது அறுந்து என் கன்னத்தில் அறைந்தது. ஆர்மோனியத்தை அமுக்கினேன். சினைமாடு முனகுவதுபோல ஒரு சத்தமும் இரண்டு கரப்பான்பூச்சிகளும் வெளியே வந்தன.

"வாசிக்கத் தெரியாம எதுக்குங்க இத்தன?"

"பாக்கறதுக்குங்க."

"இவரு வாங்கறதோட செரிங்க" என்றாள் மனைவி, கதவருகே வந்து நின்று. "அட்டத்துல ஏறி ஒரு பானை எடுக்கச் சொன்னாக்கூட, ஏணியப் புடிக்கிற வேலைதான் பாப்பாரு. தந்திக் கம்பத்துல எங்கீங்க ஏறப் போறாரு."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சுருள் எங்கே, எங்கே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏட்டய்யா கைகழுவத் தண்ணீர் கேட்டுக் கொல்லைக்குப் போனார். பின்னாலேயே போன நான் கொல்லைப்படியில் நின்றுவிட்டேன்.

வேப்பமரத்துக்கும் கிணற்றடித் தூணுக்கும் நடுவே துணி காயப்போடும் கொடி. நேற்றுவரை கயிறாக இருந்தது. இப்போது இரண்டு முனை முடிச்சிலும் செம்பு மின்னியது; நடுவில் முழுக்க மனைவியின் ஈரச்சேலை விரிந்து தொங்கியது. ஏட்டய்யா கைகழுவி நிமிர்ந்தார். சேலை அவர் தொப்பியில் பட்டது. அவர் சட்டென்று விலகி, தலையைக் குனிந்துகொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி வெளியே நடந்துவிட்டார்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் மனைவியிடம் போனேன்.

"அவங்க அந்தச் சேலையத் தூக்கிப் பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"பொம்பள ஈரச்சேலைய எந்த ஆம்பளீங்க தொடுவான்?" என்றாள்.