முழங்காலைக் காட்டிய பிள்ளை

1930களில் ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு நான் ஒருவன்தான் டாக்டர். ஒருநாள் பட்டு நெசவாளி ஒருவர் தன் எட்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாயில்லாத பிள்ளை.

"முட்டி வலிக்குதுன்னு நொண்டறாளுங்க" என்றார்.

பிள்ளையும் முழங்காலையே தொட்டுக் காட்டினாள். வீக்கமில்லை, சூடில்லை. வெளியே கூட்டம் நின்றது. அயோடின் தடவிக் கட்டுப்போட்டு அனுப்பினேன். அடுத்த மாதம் வந்தபோதும் அதையேதான் செய்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது பிள்ளை இளைத்து, ஒரு தொடை சூம்பிப் போயிருந்தது. அன்றுதான் அவளைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். நல்ல காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்தேன். நான் தொடாத மற்ற கால் தானாகப் பெஞ்சைவிட்டு மேலே எழும்பியது. அந்தத் தொடையை லேசாக உட்புறம் திருப்பினேன். வீறிட்டாள்.

இடுப்பு மூட்டில் காசநோய். இடுப்பு கெட்டாலும் வலி முழங்காலில் தெரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"மாசக்கணக்குல அங்க யாருங்க கூட இருக்கறது? ஊட்டுலயே வெச்சுப் பாருங்க சாமி."

அவர் வீட்டில் கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். காலில் பிளாஸ்திரி ஒட்டிக் கயிறு கட்டி, ஒரு கப்பியில் ஓடவிட்டு, மறுமுனையில் மணல்பை தொங்கவிட்டேன். எலும்போடு எலும்பு உரசாமல் இழுத்துப் பிடிக்கத்தான். மற்றபடி பால், முட்டை, மீன் எண்ணெய். அந்த நோய்க்கு அப்போது வேறு மருந்து கிடையாது.

"வலி முட்டியிலதானுங்க. இடுப்ப ஏனுங்க அசைக்கக் கூடாது?" என்று பிள்ளை கேட்பாள். நான் மணல்பைக் கயிற்றைச் சரிசெய்வேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் படுத்திருந்தாள். வலி நின்றது. ஆனால் இடுப்பு அசையாமல் இறுகிவிட்டது, காலும் குட்டையாகிவிட்டது.

"தறிக்குழியில உக்காருவாளுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"மாட்டாள். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார இடுப்பு மடங்காது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "முதல் நாளே நான் இடுப்பைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்திருக்கலாமுங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மகளின் கக்கத்தில் புது ஊன்றுகோலைச் செருகி, "நட சாமி" என்றார். அவள் சுவரைப் பிடித்தபடி ஓர் எட்டு வைத்தாள்.