இருநூற்றுப் பதினாறு பேருக்கு ஒரே காது

டீச்சர் என்று அவளை அழைத்தவர்களில் ஒருவர்கூட அவளிடம் எழுத்துக் கற்றுக்கொண்டவர் இல்லை. அவளே எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவள். நெசவாலையில் இருபத்துமூன்று வருடம் ஆறு தறிகளைக் கட்டி மேய்த்ததுதான் அவளுடைய தகுதி. அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் சொன்ன இடம் நீதிமன்றம்.

தறிக்கூடத்தில் நானூறு தறிகள் ஒன்றாக ஓடும். அந்த இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. உதட்டை அசைத்தால் போதும், எதிரில் நிற்பவள் படித்துக்கொள்வாள். நாற்பதடி தள்ளி நிற்கிறவளோடு மாமியாரைப் பற்றி விலாவாரியாகப் பேசலாம். பக்கத்திலேயே நிற்கும் மேஸ்திரி பேந்தப் பேந்த விழிப்பார். வேலைக்குச் சேர்ந்த இரண்டே மாதத்தில் இந்த வித்தை கைவந்துவிடும். காது போவதற்குத்தான் கொஞ்சம் கூடுதலாக ஏழெட்டு வருடம் பிடிக்கும். காது போன பிறகு தேவைப்படும் வித்தையை ஆலை முன்கூட்டியே கற்றுக்கொடுத்துவிடுவதால், போனதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

ஆலை மட்டும் கவனிப்பதாகச் சொல்லிக்கொண்டது. வருடத்துக்கு ஒருமுறை மருந்தறையில் காதுச் சோதனை நடக்கும். நாற்காலியில் உட்காரவைத்து, காதுகளை மூடினாற்போல் ஒரு கருவியை மாட்டி, பின்னால் மேசையில் இருக்கும் கம்பவுண்டர் இருபது முறை பொத்தானை அழுத்துவார். ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பதினாறுக்குக் குறைந்தால் தொழிலாளியின் நலன் கருதி அவரைக் கழிவுப்பஞ்சு அள்ளும் முற்றத்துக்கு மாற்றுவார்கள். அங்கே பாதிச் சம்பளம், முழுத் தூசி.

எட்டாவது வருடம் அவள் காதில் பாதி ஒலிகள் வரவில்லை. பயத்தில் வியர்த்து நிமிர்ந்தவளுக்கு, எதிரிலிருந்த மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவு கண்ணில் பட்டது. கம்பவுண்டர் அழுத்தும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்து அணைந்தது. மீதி ஒலிகளை அவள் கண்ணால் கேட்டு முடித்தாள்.

அடுத்த நாள் பக்கத்துத் தறியில் நின்ற நெட்டையிடம் சொன்னாள். நெட்டை ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. ரகசியம் அவள் வாயில் அரை நாள்கூடத் தங்காது. வார முடிவில் தறிக்கூடம் முழுவதும் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது. உதட்டாலேயே நடந்த பள்ளிக்கூடம் அது.

"எல்லாத்துக்கும் கை தூக்கிடாதீங்க. மனுசக் காதுன்னு நம்பணும்ல. ஏழாவதையும் பதினஞ்சாவதையும் விட்டுடுங்க."

அன்றிலிருந்து அவள் டீச்சர். அதற்குப் பிறகு பதினைந்து வருடம், தறிக்கூடத்திலிருந்து ஒருவர்கூடக் கழிவுப்பஞ்சுக்குப் போகவில்லை.

பிறகு ஆலை புதுத் தறிகள் வாங்கி, இருநூற்றுப் பதினாறு பேரை வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில்தான் சிக்கல். அங்கே யாரும் எதிரில் நின்று பேசுவதில்லை. சமையலறையிலிருந்து பேசினார்கள், சட்டையை மாட்டிக்கொண்டே பேசினார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு பேசிவிட்டுப் பதில் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

டீச்சரின் மகள் செல்போன் கடையில் வேலை பார்த்தாள். எட்டு மாதக் கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுப் போவாள். ஒரு பிற்பகல் டீச்சர் சன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து, கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு அழுதது. எவ்வளவு நேரம் அழுதது என்பதை, மகள் வந்து தூக்கியபோது அதற்குக் குரலே இல்லாமல் போயிருந்ததிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மடித்த துணிகள் மட்டும் கச்சிதமாக அடுக்கியிருந்தன.

மகள் கத்தவில்லை. அம்மாவுக்கு நேரே வந்து உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள். "உன்மேல கோவம் இல்லம்மா. ஆனா இனிமே இவன உங்கிட்ட விட மாட்டேன்."

மறுநாளிலிருந்து பகலில் குழந்தை கீழ்வீட்டுக்காரியிடம் வளர்ந்தது. டீச்சர் மாடிப்படியில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

பொது மருத்துவமனையில், கண்ணாடியே இல்லாத ஓர் அடைத்த அறையில் சோதித்துவிட்டு, முக்கால்வாசி போய்விட்டது என்றார்கள். இரண்டு காதுக்கும் நல்ல கருவி பொருத்தினால் குழந்தை அழுவது தெரியும் என்றார்கள். அதன் விலையைக் கேட்டதும், அது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படித்தான் நஷ்டஈட்டு வழக்கு என்ற பேச்சு அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது. வீடு வீடாக ஏறி இறங்கி இருநூற்றுப் பதினாறு கையெழுத்து வாங்கினாள். எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே வழக்கு, மனுவில் முதல் பெயர் அவளுடையது.

முன்பணம் கேட்காத வக்கீல் ஒருவர் கிடைத்தார். நல்ல மனிதர். அவரிடம் ஒரே குறை மீசை. மேலுதட்டை முழுவதுமாக மூடி, கீழுதட்டிலும் கொஞ்சம் இடம் பிடித்திருந்தது. அவர் பேசினால் இருநூற்றுப் பதினாறு பேரில் ஒருவருக்கும் ஓர் எழுத்துகூடப் பிடிபடாது. ஆலையின் வக்கீலோ மழமழவென்று சவரம் செய்த முகம், அழுத்தந்திருத்தமான உச்சரிப்பு. எதிரி பேசியதெல்லாம் தெளிவாகப் புரிந்தது. தன் பக்கத்து ஆள் என்ன பேசினார் என்பதை எழுதித்தான் கேட்க வேண்டியிருந்தது.

கூண்டில் ஏறிய டீச்சர், ஆலை வக்கீலின் கேள்விகளுக்குப் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லச் சொல்ல, தன் வழக்கைத் தானே புதைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அவர் ஒரு கட்டுத் தாளை நீதிபதியின் முன் வைத்தார்.

"பதினஞ்சு வருசச் சோதனைத் தாள். அத்தனை பேரும் தேறியிருக்கீங்க. காது எப்போம்மா போச்சு, வேலை போனப்புறமா?"

நீதிமன்ற ஊழியர்கள் சிரித்தார்கள். பின்வரிசைகளில் இருந்த தறிக்காரர்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது என்பதால், நல்ல செய்தி போலிருக்கிறது என்று அவர்களும் கொஞ்சம் சிரித்துவைத்தார்கள்.

உணவு இடைவேளையில் வக்கீல் எழுதிக் காட்டினார்: இந்தத் தாள்களுக்குப் பதில் இல்லையென்றால் வழக்கு இன்றோடு முடிந்தது.

பதில் அவளிடம் இருந்தது. அதை எழுதிக்கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, அடியில் எழுதினார்: இதைச் சொன்னால் உங்கள் பெயர் போய்விடும். மறைக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு நஷ்டஈடு கிடையாது. மற்றவர்கள் கதை நீதிபதியின் கையில்.

நீதிமன்ற முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். இருநூறு பேருக்கு மேல் கையை ஆட்டிச் சண்டை போட்டார்கள், சத்தம் மட்டும் இல்லை. வாசல் காவலர் இது ஏதோ மௌனப் போராட்டம் என்று நினைத்து மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். சொல்லிவிடு என்றது ஒரு பக்கம். சொன்னால் அத்தனை பேரும் உள்ளே போக வேண்டியதுதான் என்றது இன்னொரு பக்கம். நெட்டை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சொன்னா நாங்க திருடங்க. சொல்லலன்னா பொய்யங்க. எதுல கொஞ்சம் மரியாதை அதிகம்னு நீயே சொல்லு, டீச்சர்."

டீச்சர் படியில் உட்கார்ந்தாள். தன் பெயர் போனால் கருவி இல்லை, கருவி இல்லாவிட்டால் கீழ்வீட்டுக் கதவுதான். சொல்லாவிட்டாலும் அதே கதவுதான். இரண்டு பக்கமும் ஒரே சுவர் என்றபோது யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றினாலும், மணி அடிக்கும்வரை யோசித்துக்கொண்டேதான் இருந்தாள். மணி அடித்தது அவளுக்குத் தெரியாது. கூட்டம் நகர்ந்ததைப் பார்த்து எழுந்தாள்.

கூண்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தன் குரல் எந்த உயரத்தில் போகிறது என்று தெரியாததால், அந்த ரகசியம் தெருமுனைவரைக்கும் போனது.

"நான்தான் சொல்லிக்குடுத்தேங்க. அந்தத் தாளைப் பாருங்க. ஏழும் பதினஞ்சும் யாருக்கும் கேட்டிருக்காது."

நீதிபதி கட்டைப் பிரித்தார். ஒரு தாள், இன்னொரு தாள், அடுத்த வருடத்துத் தாள். ஏழு, பதினைந்து. ஏழு, பதினைந்து. ஒரே ஒருத்தி மட்டும் வருடா வருடம் எட்டையும் பதினாறையும் விட்டிருந்தாள். நெட்டைக்கு எண்ணிக்கை என்றைக்கும் சரியாக வந்ததில்லை.

இது மோசடியின் வாக்குமூலம் என்று ஆலை வக்கீல் எழுந்தார். பதினைந்து வருடமாக அத்தனை தொழிலாளிகளுக்கும் ஒரே காது இருப்பதை உங்கள் கட்சிக்காரர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லையா என்று நீதிபதி கேட்டதும் உட்கார்ந்தார். உத்தரவு வந்தது. அந்தத் தாள்கள் செல்லாது. இருநூற்றுப் பதினைந்து பேருக்கும் வெளி மருத்துவரை வைத்துப் புதுச் சோதனை நடத்த வேண்டும். முதல் மனுதாரரின் பெயர் நீக்கப்படுகிறது.

வக்கீல் அதை எழுதிக் காட்டினார். கடைசி வரியை மட்டும் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்.

சோதனைக்கு முந்தின நாள் அவள் வீட்டுப் படியில் பெண்கள் வந்து நின்றார்கள். பதினைந்து வருடப் பழக்கம், எங்கே சிவப்பைக் கண்டாலும் கை தானாக எழுந்துவிடும் என்று பயந்தார்கள்.

"இந்தத் தடவை எப்படி, டீச்சர்?"

"கண்ண மூடிக்குங்க."

மறுநாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில், உள்ளே அழைக்கப்படாத ஒரே ஆளாக டீச்சர் உட்கார்ந்திருந்தாள். மதியம் நெட்டை வெளியே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, குரலே இல்லாமல் சொன்னாள்.

"கண்ண மூடிக்கிட்டு உக்காந்தேன். இப்ப ஆரம்பிப்பாங்க, இப்ப ஆரம்பிப்பாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். தோளைத் தட்டினாங்க. முடிஞ்சுபோச்சாம்."



"அப்போ ஜெயிச்சுட்டோம்," என்றாள் டீச்சர். நெட்டை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்ததால், அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை.