டார்ச் அணைந்தது, டீச்சர் விழுந்தார்

ஸ்டெல்லா டீச்சரின் வலது காலில் மாவுக்கட்டு. காரணம், ஒரு பேட்டரி. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அனகாபுத்தூரில் எங்கள் சந்தில் மழை பெய்தால் முதலில் கரண்ட் போகும். பிறகு தண்ணீர் வரும். அதனால்தான் வீட்டிலிருந்த பழைய மூணு செல் டார்ச்சை எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, எல்இடி மாட்யூல் ஒன்றைப் பொருத்தினார். மூன்று செல்லுக்குப் பதில் ஒரே ஒரு லித்தியம் பேட்டரி. எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது – 9900 எம்ஏஹெச்!

"நைட்டு ஃபுல்லா எரியும் சார். நா கேரண்டி."

பட்டனை அமுக்கினேன். எதிர்க்கடை போர்டு பளிச்சென்று தெரிந்தது. போதாதா?

போன வாரம் மழை. சாயங்காலமே இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் – கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், தனியாக வசிப்பவர் – வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மெயின் ரோட்டில் அவருடைய தம்பி காரோடு காத்திருந்தார்.

"நான் வரேன் டீச்சர், புது லைட் போட்ட டார்ச் இருக்கு" என்று முன்னால் நடந்தேன்.

பாதிச் சந்துகூடத் தாண்டவில்லை. டார்ச் பொசுக்கென்று அணைந்தது. பழைய செல் என்றால் மங்கி மங்கி எச்சரிக்கும். இது அப்படியில்லை... ஒரேயடியாகக் கும்மிருட்டு. நான் திரும்புவதற்குள், "ஐயோ ஏசப்பா!" என்று அலறல். வடிகால் வேலைக்குத் தோண்டி, மூடாமல் விட்ட பள்ளம். தண்ணீரில் துழாவி அவர் கையைப் பிடித்து மேலே இழுத்தேன்.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது.

பிறகு விசாரித்தேன். அந்த சைஸ் பேட்டரி நாலாயிரத்தைத் தாண்டுவதே அபூர்வமாம். 9900 என்பது பச்சைப் பொய்! அதில் போய் அவ்வளவு பவர் இழுக்கும் மாட்யூலை மாட்டினால் எப்படித் தாங்கும்?

கடைக்குக் கிளம்பினேன். "இருங்க, நானும் வரேன்" என்றார் டீச்சர். ஆட்டோவில், கட்டுப் போட்ட காலோடு!

"இன்னா சார், லைட்டு எரிஞ்சிச்சா இல்லியா? மேல கீற நம்பரு கம்பெனிக்காரன் அடிச்சது. அதுக்கு நா இன்னா பண்றது?" என்றார் கடைக்காரர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

டீச்சர் கத்தவில்லை. கடை வாசலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். டார்ச் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் வகுப்பெடுக்கும் குரலில் சொன்னார்: "நல்லா விசாரிச்சு வாங்குங்கப்பா. இங்க வாங்கின பேட்டரியாலதான் எனக்கு இந்தக் கட்டு."

வந்தவர்கள் காலைப் பார்த்தார்கள். கடையைப் பார்த்தார்கள். நகர்ந்துவிட்டார்கள்.

"மேடம், பேஜார் பண்ணாதீங்க. எனக்கு வியாபாரம் நடக்கணும்ல?"

"எனக்கும்தான் நடக்கணும்" என்றார் டீச்சர், காலைக் காட்டி.

அதற்குப் பிறகுதான் கடைக்காரர் தலை நிமிர்ந்தது. ஒழுங்கான பேட்டரியும், அதற்கேற்ற மிதமான மாட்யூலும் மாற்றிக் கொடுத்தார். எதிர்க்கடை போர்டு தெரியாது. ஆனால் நின்று எரிகிறது. அந்த 9900 பேட்டரிகளை எல்லாம் டீச்சர் கண்ணெதிரே ஷெல்ஃபிலிருந்து இறக்கி, ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினார்.

இருட்டில் உயிரையே நம்பி ஒப்படைக்கிற பொருள். அதிலுமா பொய்யை அச்சடிப்பார்கள்?

அந்த அட்டைப்பெட்டி குப்பைக்குப் போயிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? கடைக்காரருக்குக் கூடுவாஞ்சேரியில் இன்னொரு கடை இருக்கிறதாம். கூடுவாஞ்சேரிக்காரர்களே... எதற்கும் பார்த்து வாங்குங்கள்!